படத்தின் கீழே எழுதிய பெயர்

பெயர்களால் நான் பட்டது போதும். அதனால் இதில் யார் பெயரையும் எழுதப்போவதில்லை. தம்பி, அம்மா, கங்காணி, துரை என்று உறவையும் உத்தியோகத்தையும் வைத்தே சொல்லிவிடுகிறேன். படிக்கிறவர்களுக்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

எங்களுக்கு எருத்தேன்பதிக்குப் பக்கத்தில் கொஞ்சம் மானாவாரி நிலம். அப்பா போனபிறகு வீட்டில் அம்மாவும் நாங்கள் இரண்டு பேரும்தான். நான் சித்தூரில் படித்து வாத்தியார் வேலைக்குத் தயாரானேன். தம்பிக்குப் படிப்பு ஏறவில்லை. மாட்டைக் கண்டால் போதும், அதோடு பேசிக்கொண்டு கிடப்பான். அப்படிப் பேசப் போய்த்தான் சின்ன வயசில் காளை முட்டி, இடது புருவம் நடுவில் கிழிந்து இரண்டாகிவிட்டது. மழை தொடர்ந்து பொய்த்த காலத்தில் தேயிலைத் தோட்டத்துக் கங்காணி ஒருவன் சந்தைக்கு ஆள் பிடிக்க வந்தான். ஊர் ஊராகப் போய் ஆட்களைத் திரட்டி மலைக்குக் கூட்டிப்போய், அங்கே அவர்களை மேய்த்து வேலை வாங்குவதுதான் கங்காணியின் தொழில். எத்தனை தலை வேலைக்கு நிற்கிறதோ அதற்கேற்ப அவனுக்கு வரும்படி. தம்பி யாரிடமும் சொல்லாமல் அவன் பின்னால் போய்விட்டான். மறையூருக்கு மேலே ஏதோ தோட்டம் என்று சந்தையில் சொன்னார்கள். அதற்கப்புறம் கிணற்றில் போட்ட கல்தான்.

அம்மா மலைப்பக்கமிருந்து வருகிற வண்டிக்காரன் எவனைக் கண்டாலும் மறித்துக்கொள்வாள். என் மகனைப் பார்த்தாயா, புருவம் இப்படிக் கிழிந்திருக்கும், இந்த உயரம் இருப்பான் என்று மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு விடமாட்டாள். கொஞ்ச நாளில் வண்டிக்காரர்கள் எங்கள் வீட்டு வழியையே விட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு போனார்கள். அதைக் கண்டுகொண்ட அன்றைக்கு அவள் என்னிடம் வந்து நின்றாள்.

“நீ படிச்சவன் கண்ணு. எங்க போனாலும் நாலு பேரு உன்ற பேச்சுக்கு மதிப்புக் குடுப்பாங்க. போயி உன்ற தம்பியக் கூட்டிட்டு வா.”

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை காலியாக இருந்தது. அந்தக் குளிரையும் அட்டைக்கடியையும் பார்த்து ஏற்கெனவே இரண்டு வாத்தியார்கள் ஓடிப்போயிருந்தார்கள். நான் கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். என் உத்தியோகம் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுப்பது. என் வேலை தம்பியைத் தேடுவது.

மூன்று வருஷம் தேடினேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் தோட்டத்தின் ஒரு பகுதிக்கு, டிவிசன் என்பார்கள், நடப்பேன். தொழிலாளிகள் குடியிருக்கிற லயங்களில் கதவு கதவாகத் தம்பி பெயரைச் சொல்லிக் கேட்பேன். அப்படி ஒருத்தன் இல்லை என்பார்கள். கிழிந்த புருவத்தைச் சொன்னால் சிரிப்பார்கள். தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவாத்துக் கத்தியும் கல்லும் படாத முகம் அந்த மலையில் எங்கே இருக்கிறது? ஆபீஸ் கிளார்க்கின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி ஆள் கணக்கைப் பார்க்கச் சொன்னேன். அதிலும் அந்தப் பெயர் இல்லை. கங்காணிகளோ என்னைக் கண்டாலே வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தோட்டமோ ஒன்றிரண்டல்ல, ஒரு மலைக்கு அடுத்து இன்னொரு மலை. வேறு எங்கோ இருக்கிறான், அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்ப் பார்க்கலாம் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்த வெள்ளம் வந்தது. மலையாளத்துக்காரர்கள் இன்றைக்கும் ஆண்டைச் சொல்லிப் பேசுகிற பெருவெள்ளம். மழை விடவே இல்லை. கடைசியில் மேல் டிவிசனில் மலை சரிந்து, இரண்டு லயத்தை ஆட்களோடு வாரிக்கொண்டு போய் ஆற்றில் போட்டது. தண்ணீர் வடிந்தபிறகு எல்லோரையும் பெரட்டுக்களத்தில் நிறுத்தினார்கள். பெரட்டுக்களம் என்பது தினமும் விடியற்காலையில் கிளார்க் பெயர் கூப்பிட, ஆட்கள் ஆஜர் சொல்லிவிட்டு வேலைக்குப் பிரிந்து போகிற மைதானம். அன்றைக்குப் போனவர்களின் பெயர்களை வாசித்தார்கள்.  கடைசிவரை கேட்டேன். தம்பி பெயர் வரவில்லை. சுற்றிலும் பெண்கள் மண்ணில் விழுந்து அழுதுகொண்டிருக்க, நான் மனதுக்குள் சந்தோஷப்பட்டேன். அந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

படங்கள் வந்தது இதற்கப்புறம்தான். முன்பு இருந்த துரைக்குப் படம் பிடிக்கிற பைத்தியம் உண்டு. ஆட்களைக் கும்பல் கும்பலாக நிறுத்திப் பிடிப்பார். மாட்டை, ஓடையை, பாலத்தையும் விடமாட்டார். அவர் தன் தேசத்துக்குத் திரும்பியபோது படங்களை ஒரு பெட்டியில் போட்டு, துரைமார் கிளப்பில் புத்தகம் வைத்திருந்த அறையில் விட்டுவிட்டுப் போனார். வெள்ளத்தில் அந்த அறையின் கூரை போய்ப் பெட்டிக்குள் ஈரம் இறங்கிவிட்டது. புதுத் துரை அதைப் பட்டணத்துப் பெரிய புத்தகசாலை ஒன்றுக்குக் கொடுத்துவிட நினைத்தார். அவர்களோ, யார், எங்கே என்று தெரியாத படத்தை வாங்கி என்ன செய்வது, அந்த இடத்து ஜனங்களையே கூப்பிட்டுக் காட்டிக் கேளுங்கள், அவர்கள் சொல்வதைக் கீழே எழுதி அவர்களுக்கே வாசித்துக் காட்டி, எல்லோரும் சரி என்றால் அனுப்புங்கள் என்றார்கள். எழுதத் தெரிந்தவன், ஜனங்களோடு பழகுகிறவன் என்று துரை அதை என் தலையில் கட்டினார்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. புதைந்த லயத்தின் சேறு இன்னும் காயவில்லை, இவர்களுக்குப் படத்துக்கு விளக்கம் வேண்டுமாம். பெட்டியைத் திறந்த பிறகு கோபம் போய்விட்டது. அத்தனையும் முகங்கள். மூன்று வருஷம் ஒரு பெயரை வைத்துக்கொண்டு அலைந்தவனுக்கு முகங்களாகவே கொடுத்தால் எப்படி இருக்கும்? ஒரேயடியாக எல்லாவற்றையும் பார்த்துவிடத் துடித்தேன். ஆனால் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. அவசரப்பட்டுப் பிரித்தால் முகமே உரிந்து வந்துவிடும். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பிரிக்க முடிந்தது. பிரிந்தவரையில் ஞாயிற்றுக்கிழமை காட்டுவது, மற்றதை உலரவிடுவது என்று வைத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்துப் பெஞ்சுகளைப் பெரட்டுக்களத்தில் வரிசையாகப் போட்டுப் படங்களைப் பரப்பினோம். காற்றுக்குப் பறக்காமல் மூலைக்கு ஒரு கல். யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். தோட்டமே வந்தது. ஆனால் அவர்கள் சொன்னதை எழுதுவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. முதலில் அடையாளம் தெரிந்தது பழைய துரையின் நாய். அதன் பெயர், குணம், யார் யாரைக் கடித்தது என்று வரலாறே வந்தது. மலையழகு என்று துரை பிடித்திருந்த ஒரு படத்தைப் பார்த்து, இங்கேதான் நாங்கள் துணி துவைப்போம், இந்தப் பாறைக்குப் பின்னால்தான் இன்னார் பெண்டாட்டிக்குப் பிரசவ வலி வந்தது என்றார்கள். ஒருவர், தான் பக்கத்து வீட்டுக்காரனோடு தோளில் கைபோட்டு நிற்கிற படத்தைப் பார்த்துவிட்டு அதில் நிற்பது தான் அல்ல என்று சாதித்தார். இரண்டு பேருக்கும் இப்போது ஏழாம் பொருத்தமாம். எழுதியதை வாசித்துக் காட்டி “சரிதானா?” என்று கேட்பேன். “சரிதான்” என்று கூட்டம் சொன்ன பிறகே அடுத்த படம். போனவர்களின் முகம் வந்துவிட்டால் மட்டும் அந்த இடம் அப்படியே அடங்கிப்போகும். யாராவது ஒருத்தி படத்தைத் தொட்டு விரலைக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள்.

கடைசிக் கட்டைப் பிரித்தபோது தம்பி கிடைத்தான்.

மேல் டிவிசன் ஆட்கள் கவாத்துக் கத்தியோடு நிற்கிற படம். பின் வரிசையில் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு நின்றான். இளைத்திருந்தான், மீசை வந்திருந்தது. ஆனால் அந்தப் புருவமும், வெயிலில் கண்ணைச் சுருக்குகிற விதமும் அவனேதான். எனக்கு வாய்விட்டு அழவேண்டும் போலவும் சிரிக்கவேண்டும் போலவும் இருந்தது. இந்த மலையில்தான் இருந்திருக்கிறான். வாசித்த பெயர்களில் அவன் இல்லை. ஆக உயிரோடு இருக்கிறான். நாளைக்கு இந்தப் படத்தைக் காட்டினால் அவன் எங்கே என்று ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார்கள். அம்மா முன்னால் அவனைக் கொண்டுபோய் நிறுத்துவதுவரை நினைத்துப் பார்த்துவிட்டேன்.

மறுநாள் மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு அந்தப் படத்தைத்தான் முதலில் கையில் எடுத்தேன். விரலை அவன் முகத்துக்குக் கீழே வைத்து, இது யார் என்று கேட்டேன். ஒரே குரலில் ஒரு பெயரைச் சொன்னார்கள். என் தம்பி பெயர் இல்லை, வேறு ஒரு பெயர். வெள்ளத்தில் போனவர்கள் என்று இதே களத்தில் வாசித்த பெயர்களில் ஒன்று.

நான் அவர்களோடு சண்டை போட்டேன். நன்றாகப் பாருங்கள், இது அவன் இல்லை, இது என் தம்பி என்று கத்தினேன். வாத்தியாருக்குக் கண் மங்கிவிட்டது என்று எவனோ சிரித்தான். அவனை அடிக்கப் போய்விட்டேன். அப்போது மேல் டிவிசனில் தப்பிப் பிழைத்த ஒரு பெண்பிள்ளை, கொழுந்து கிள்ளுகிறவள், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அதைச் சொன்னாள். என்னை நோகடிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. மறைக்கவேண்டிய விஷயமாகவே அது அவளுக்குப் படவில்லை.

“அந்தப் பேருக்கு உடையவன் மலைக்கு வந்த முதல் வருசமே காய்ச்சல்ல போயிட்டான் அய்யா. ஆளு குறையக் கூடாதுன்னு கங்காணி புதுசா வந்த இவனை அந்தப் பேருல நிறுத்திட்டாரு. பெரட்டுல அந்தப் பேரைக் கூப்பிட்டா இவன்தான் ஆஜர் சொல்லுவான். நாங்களும் அப்பிடியே கூப்பிட்டுப் பழகிட்டோம். இதுல என்ன இருக்கு?”

அவளைப் பொறுத்தவரை ஒன்றும் இல்லைதான். அங்கே எத்தனையோ பேர் அப்படி இன்னொருவன் பெயரில் வேலைக்கு நின்றார்கள். சட்டையை மாற்றிப் போடுவதற்கு மேல் அதை யாரும் நினைக்கவில்லை. புத்தகசாலைக்காரர்கள் கேட்டதற்கு அவர்கள் பொய் சொல்லவில்லை, நான் மூன்று வருஷம் கேட்டபோதும் பொய் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரிந்த பெயரைச் சொன்னார்கள். தெரியாத பெயரைத் தெரியாது என்றார்கள். தெரிந்தே மறைத்தவன் கங்காணி ஒருவன். அவனும் தன் ஆட்களோடு மண்ணுக்குள் போய்விட்டான். யார் சட்டையைப் பிடிப்பது? நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அடிக்கப் போனேனே, அவன்தான் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

கூட்டம் கலைந்த பிறகு ஒரு பெண் மட்டும் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு பச்சைப் பெண்குழந்தை. மலை சரிந்த அன்றைக்குப் பிள்ளைப்பேற்றுக்காகத் தாய்வீட்டு லயத்தில் இருந்ததால் பிழைத்தவள். அவள் யார் என்று அவள் சொல்லாமலேயே எனக்குப் புரிந்துவிட்டது. என் தம்பியின் பெயரைச் சொல்லி, உன் புருஷனுக்கு இதுதான் சொந்தப் பெயர் என்று உனக்குத் தெரியுமா என்றேன். புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டாள். தலையை மட்டும் ஆட்டினாள்.

“கீழ ஒரு வாத்தியாரு இந்தப் பேரைச் சொல்லித் தேடுதாகன்னு எங்க லயத்துல ஒருத்தர் வந்து பேசினாக. அன்னைக்கு ராத்திரி அவுகளுக்குச் சோறு இறங்கல. ‘எங்க அண்ணனாத்தான் இருக்கும். மழை விடட்டும், போய்ப் பாத்துட்டு வாரேன்’னாக.”

மழை விடவில்லை.  தலையைச் சுவரில் மோதிக்கொள்ளலாம் போல இருந்தது. அவன் இருந்த லயம் என் பள்ளிக்கூடத்திலிருந்து அரைப்பகல் நடை. நான் அங்கே போயிருக்கிறேன். அவன் எங்கோ வெளியே போயிருந்த நேரத்தில் அவன் வீட்டுக் கதவிலேயே நின்று, அடுத்த வீட்டுக்காரர்களிடம் அவன் பெயரைச் சொல்லி, இல்லை என்று கேட்டுக்கொண்டு திரும்பியிருக்கிறேன்.

படத்தின் கீழே அவன் சொந்தப் பெயரை எழுதிவிடவேண்டும் என்று எனக்கு வெறி வந்தது. அவன் பிறந்து வளர்ந்து செத்ததற்கு உலகத்தில் மிஞ்சியிருப்பது அந்த ஒரு முகம். அதற்குக் கீழேயும் எவன் பெயரோ இருப்பதா? எழுதப்போகிறேன் என்று அவளிடம் சொன்னேன். அவள் குழந்தையைப் பெஞ்சில் கிடத்திவிட்டு என் காலில் விழுந்தாள். வெள்ளத்தில் போனவன் பெண்டாட்டி என்றுதான் துரை அவளுக்கு லயத்தில் இடமும் வேலையும் கொடுத்திருந்தார். அந்தப் பெயர்க்காரன் முதல் வருஷமே செத்துவிட்டான் என்று ஆபீசுக்குத் தெரிந்தால், பிறகு அவள் யார்? எவனுக்கும் பெண்டாட்டி இல்லை, அந்தக் குழந்தை எவனுக்கும் மகள் இல்லை. அன்றைக்கே மூட்டையைக் கட்டவேண்டியதுதான்.

என்னோடு ஊருக்கு வந்துவிடு, எங்கள் வீடு உன் வீடு என்றேன். அவள் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“உங்க ஊருல எங்க சனத்தைத் தெருவுக்குள்ள விடுவாகளா அய்யா? உங்க அம்மா விடுவாக. மத்தவுக?”

 எங்கள் தெருவை நினைத்துப் பார்த்தேன். அவள் சொன்னது நிஜம். தம்பி எங்களுக்கு ஏன் ஒரு வரிகூட எழுதிப் போடச் சொல்லவில்லை என்பதும் அப்போதுதான் கொஞ்சம் புரிந்த மாதிரி இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தின் கீழே என் கையாலேயே எழுதினேன். மேல் டிவிசன் கவாத்து ஆட்கள் என்று தொடங்கி வரிசையாகப் பெயர்களை எழுதி, தம்பி நிற்கிற இடத்தில் அந்த இன்னொருவன் பெயரை எழுதினேன். பிறகு எழுந்து நின்று எல்லோருக்கும் வாசித்தேன். அந்தப் பெயரையும் மற்றதைப் போலவே உரக்க வாசித்தேன். சரிதானா என்று கேட்டேன்.  எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கடைசியில் நானே “சரிதான்” என்றேன். பட்டணத்தில் அந்தப் படத்தை இன்றைக்கும் பத்திரமாக வைத்திருப்பார்கள். பார்க்கிறவர்கள் என் தம்பி முகத்தைப் பார்த்து, காய்ச்சலில் செத்த எவனோ ஒருவன் என்று நினைத்துக்கொள்வார்கள். இல்லை, அப்படிக்கூட நினைக்கமாட்டார்கள்.

ஊருக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று நினைவில்லை. அம்மா களத்தில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். என் பின்னால் யாரும் வரவில்லை என்று பார்த்தவுடனேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். பெண்டாட்டியைச் சொன்னேன், குழந்தையைச் சொன்னேன், படத்தைச் சொன்னேன். அம்மா அழவில்லை. முறத்தை மட்டும் கீழே வைத்தாள்.

“அங்க அவன என்னன்னு கூப்புட்டாங்க?” என்று கேட்டாள்.

எதற்கு அது என்றேன். அவள் விடவில்லை. சொன்னேன். வாய்க்குள்ளேயே இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பழக்கமில்லாத பெயர், அவள் நாக்குக்கு அது வரவில்லை.

“நாம வெச்ச பேர அவன் மறந்திருப்பான் சாமி. இத்தன வருசமா இந்தப் பேருக்குத்தான திரும்பிப் பாத்தான். இதச் சொல்லிக் கூப்புட்டாத்தான இனி வருவான்.”

கருமாதிக்குக்கூட அந்தப் பெயரையே சொல்லச் சொல்லி அடம்பிடித்தாள். பொழுது சாய்கிற நேரத்தில் மலை தெரிகிற மேட்டில் நின்றுகொண்டு அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். அக்கம்பக்கத்தார் அவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றார்கள். பிசகவில்லை. மற்ற எல்லாக் காரியத்தையும் சரியாகத்தான் செய்தாள். வருஷங்கள் கழித்து அவள் படுக்கையில் விழுந்தபோது, வெளியே வேலையாக இருந்த எனக்கு அவள் கூப்பிடுவது கேட்டது. என்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று ஓடினேன். அவள் வாயில் இருந்தது அந்தப் பெயர்தான், நான் முன்பின் பார்த்திராத எவனோ ஒருவனின் பெயர். கண்ணைத் திறக்காமலே கையை நீட்டித் துழாவினாள்.

நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, “வந்துட்டனுங்கம்மா” என்றேன்.